பூக்கத் தெரிந்தும் பூக்காத செடி

இலைகள் தளதளவென்று இருக்கின்றன, வேர்கள் தொட்டியை விட்டு வெளியே வழிகின்றன, ஆனால் இரண்டு வருடமாகப் பூவைக் காணோம். வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களின் முறையீடுகளில் முதலிடம் இதற்குத்தான். இதற்குக் கிடைக்கும் பதிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: உரம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள். இந்தப் பதில் தவறு என்பதே என் வாதம். திடமாக வளர்ந்து நிற்கும் ஆர்க்கிட் பூக்காமல் இருந்தால், பெரும்பாலும் அது பசியால் அல்ல. பூப்பதற்கு ஆர்க்கிட் இரண்டு விஷயங்களுக்காகக் காத்திருக்கிறது. ஒன்று, தனக்குள் சேர வேண்டிய சேமிப்பு. மற்றொன்று, வெளியிலிருந்து வர வேண்டிய செய்தி. முதலாவது வருடக்கணக்கில் நடக்கும் வேலை. இரண்டாவது சில வாரங்களில் முடிந்துவிடும். இரண்டும் வேறு வேறு என்பதைக் கவனிக்காமல், செய்திக்காகக் காத்திருக்கும் செடிக்கு மேலும் மேலும் சோறு போடுகிறோம். செடி அதை வாங்கிக்கொண்டு இன்னும் ஓர் இலையை விடுகிறது.

இந்தக் குணம் விதையிலேயே தொடங்குகிறது. நெல்லோ அவரையோ தன் குருத்துக்கு வேண்டிய கட்டுச்சோற்றைக் கையோடு கொண்டுவரும். ஆர்க்கிட் விதையில் அது கிடையாது. தூசியைப் போன்ற மெல்லிய உறை, அதற்குள் இன்னும் உருவம் பெறாத சில செல்கள், அவ்வளவுதான். ஒரே காயில் பல லட்சம் விதைகள் இருக்க முடிவது இதனால்தான். காற்று கொண்டுபோகும் அந்த விதைகளில் ஏறக்குறைய எல்லாமே வீணாவதும் இதனால்தான். மரப்பட்டையின் ஏதோ ஒரு வெடிப்பில் விழுந்து, அங்கே பொருத்தமான ஒரு பூஞ்சை வந்து விதைக்குள் நுழைந்து சர்க்கரை தந்தால் மட்டுமே அது முளைக்கும். 1899-இல் பிரான்சில் நோயெல் பெர்னார் இதைக் கண்டறியும் வரை, ஆர்க்கிட் விதை ஏன் முளைக்க மறுக்கிறது என்பது தோட்டக்காரர்களுக்குப் புதிராகவே இருந்தது. 1922-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நுட்சன், சர்க்கரை கலந்த அகர் கூழில் விதையைத் தூவி, பூஞ்சையே இல்லாமல் முளைக்கவைக்கும் வழியை வெளியிட்டார். இன்று நாம் வாங்கும் கண்ணாடிக் குடுவை நாற்றுகள் அத்தனையும் அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகள். நம் வாதத்துக்கு முக்கியமானது இதுதான்: உயிருள்ள விதை, ஈரம் இருந்தும், வெளியிலிருந்து உறுதி கிடைக்கும் வரை வளர்ச்சியில் இறங்குவதில்லை. பிற்காலத்தில் அந்தச் செடி பூக்கும் விஷயத்தில் நடந்துகொள்ளப்போவதும் இதே முறையில்தான்.

சேமிப்பு ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? ஆர்க்கிட் இனங்களில் பெரும்பகுதி மண்ணில் வேரூன்றாமல் மரக்கிளைகளில் தொற்றி வாழ்பவை. மரத்திலிருந்து அவை எதையும் உறிஞ்சுவதில்லை. புல்லுருவியோடு சேர்த்து அவற்றை ஒட்டுண்ணி என்பது அநியாயம். மழை பெய்யும்போது கிடைக்கும் நீர், அதில் கரைந்து வழியும் தூசு, பறவை எச்சம், மக்கிய இலை ஆகியவைதான் அவற்றின் வருமானம். மழை நின்ற சில மணி நேரத்தில் கிளை காய்ந்துவிடும். அதனால் வேரின் மேல் வெலமென் என்னும் வெண்ணிற உறை வளர்ந்திருக்கிறது. இறந்த செல்களாலான அந்த உறை நனைந்த சில நொடிகளில் நீரால் நிரம்பிவிடும். அந்த நீர் வற்றப் பல மணி நேரம் ஆகும். மழையின் முதல் சில துளிகளில்தான் சத்து அதிகம் என்பதால், அவற்றைத் தவறவிடாமல் பிடிக்கவே இந்த ஏற்பாடு. காய்ந்த வேர் வெள்ளி நிறத்திலும் நனைந்த வேர் பச்சையாகவும் தெரிவதற்குக் காரணமும் வெலமென்தான். நனைந்ததும் அது ஒளியை உள்ளே விட, அடியிலுள்ள பச்சையம் கண்ணுக்குத் தெரிகிறது.

இலையிலும் இதே சிக்கனம் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அதற்கு விலையாக நீர் ஆவியாகிப் போகிறது. ஃபெலனாப்சிஸ் போன்ற ஆர்க்கிட்டுகள் இரவில் திறக்கின்றன. எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே அதை எடுத்துச் சர்க்கரை செய்கின்றன. இந்த இயல்பின் முதல் தடயங்களில் ஒன்று கிடைத்தது நம் மண்ணில். தரங்கம்பாடி மிஷனரிகளோடு தொடர்புடையவரும், பின்னர் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராகப் பணிபுரிந்தவருமான பெஞ்சமின் ஹெய்ன், நாம் ரணகள்ளி என்று அழைக்கும் செடியின் இலையை மென்று பார்த்தார். காலையில் புளிப்பாக இருந்த இலை நண்பகலுக்குள் சுவையற்றுப் போனதைக் கண்டு, லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். அது 1815-இல் அச்சானது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுகிறது என்பதை அவருடைய நாக்கு சொன்னது. அதன் வேதியியல் விளங்க நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. இந்த முறையில் நீர் பெரிதும் மிச்சமாகிறது. ஆனால் ஓர் இரவில் எவ்வளவு அமிலத்தைத் தேக்கிவைக்க முடியுமோ அவ்வளவுதான் மறுநாளைய உற்பத்தி. எனவே வேகமாக வளர வழியே இல்லை.

குடுவையிலிருந்து எடுத்த ஃபெலனாப்சிஸ் நாற்று முதல் பூவுக்குத் தயாராக, நல்ல பராமரிப்பிலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வருடத்துக்கு மூன்று நான்கு இலைகள் விட்டால் அதுவே நல்ல வளர்ச்சி. கேட்லியா நாற்றுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். இந்தக் கட்டத்தில் நம்மால் செய்யக்கூடியது, செடியின் சேமிப்பைக் கெடுக்காமல் இருப்பதுதான். தோட்ட மண்ணில் நட்டால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைந்த ஓடு அல்லது செங்கல் ஆகியவற்றில் நட்டு, வேர் வெள்ளி நிறத்துக்குத் திரும்பிய பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். நேர் வெயில் படாத, ஆனால் நிழல் தெளிவாக விழுமளவுக்கு வெளிச்சமுள்ள இடம் வேண்டும். பலர் தவறவிடுவது இந்த வெளிச்சத்தைத்தான். வரவேற்பறை மூலையில் அலங்காரமாக வைத்த செடி உயிரோடு இருக்கும், சேமிக்காது.

அடுத்து, செய்தி. ஃபெலனாப்சிஸ் என்ன செய்திக்காகக் காத்திருக்கிறது என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். 28 டிகிரி செல்சியசுக்கு மேல் தொடர்ந்து வைத்திருந்தால், எவ்வளவு வளர்ந்த செடியும் இலையை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். 25 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் வைத்தால், இலைக்கக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டு பூந்தண்டாக எழும்பும். வெப்பம் இறங்கும்போது மட்டும் இலைகளில் ஒரு மரபணுவின் செயல்பாடு கூடுகிறது. அதன் புரதம்தான் பூக்கச் சொல்லும் செய்தியைக் கொண்டுபோகிறது. இங்கே வளர்ப்பவர்களிடையே உறுதியாக வேரூன்றிய நம்பிக்கை ஒன்றைப் பார்க்க வேண்டும். பகல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இரவு குளிர்ந்தால் போதும் என்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிளாஞ்சர்டும் ரங்கிலும் இதைச் சோதித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பகலில் 29, இரவில் 17 என்று பன்னிரண்டு டிகிரி வித்தியாசத்தில் வைத்த செடிகளில், இருபது வாரம் ஆகியும் ஒன்றுகூடத் தண்டு விடவில்லை. இரவும் பகலும் ஒரே மாதிரி 23 டிகிரியில் வைத்த செடிகளில் பெரும்பாலானவை விட்டன. ஆக, அந்தச் செடிகள் கேட்டுக்கொண்டிருந்தது இரவையல்ல, பகலை.

இந்த ஒரு சோதனையைச் சென்னையின் வானிலையோடு வைத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான வீடுகளின் குழப்பம் தெளிந்துவிடும். சென்னையில் ஜனவரியிலும் பகல் உச்சம் சராசரியாக 29 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. இரவு 21-க்கு இறங்குகிறது. கடையில் பூத்த நிலையில் வாங்கிய ஃபெலனாப்சிஸ் அங்கே ஏன் மறுபடி பூப்பதில்லை என்பதற்கு உரக்குறைவைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஏற்காடு போன்ற மிதமான மலையூரில் அதே செடி குளிர்காலப் பகலிலேயே செய்தியைப் பெற்றுவிடும். கொடைக்கானலில் திறந்த வெளியில் வைத்தால் இரவுக் குளிர் அளவு மீறிப்போய்ச் செடியே வாடக்கூடும். பெங்களூரு சென்னைக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே நிற்கிறது. இரவில் குளிர்சாதன அறைக்குள் தூக்கி வைத்துக் காலையில் வெளியே கொண்டுவரும் வழக்கத்துக்கு ஏன் பலன் இல்லை என்பதும் இப்போது விளங்கும். பகல் முழுக்கக் குளிர்சாதனம் ஓடும் அறையில், சன்னலோரத்தில் வைத்தால் வாய்ப்பு உண்டு. வெளிச்சம் அப்போதும் வேண்டும். குளிரையும் இருளையும் சேர்த்துத் தந்த சோதனைகளில் செடிகள் தண்டு விடவில்லை. செய்தி மட்டும் வந்து, செலவழிக்க எதுவும் இல்லாத நிலை அது.

ஆனால் உரம் போட்டுத்தானே மல்லிகையும் ரோஜாவும் பூக்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவை வேகமாக வளர்ந்து, வளர்ந்த கிளை நுனியிலெல்லாம் பூக்கும் செடிகள். வளர்ச்சியே அவற்றுக்கு அனுமதி. பூக்கவைக்கும் உரம் என்ற பெயரில் பாஸ்பரஸ் மிகுந்த கலவையை ஃபெலனாப்சிசுக்கு விற்கிறார்கள். டெக்சாசில் பல ஆண்டுகள் இந்தச் செடியை ஆராய்ந்த யின்-டுங் வாங், அதனால் தனிப் பலன் எதுவும் இல்லை என்று காட்டினார். சமநிலையான உரத்தைத் தொடர்ந்து பெற்ற செடிகள் நன்றாகப் பூத்தன. உரத்தை முன்கூட்டியே நிறுத்திய செடிகளில் பூக்கள் குறைந்தன. உரம் எத்தனை பூ என்பதைத் தீர்மானிக்கிறது. எப்போது என்பதை அல்ல. இந்தக் கண்டுபிடிப்பு, செடியைக் காயப்போட்டு வாட்டினால் சாவுக்குப் பயந்து பூக்கும் என்ற எதிர்முனை நம்பிக்கையையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. 23 டிகிரி என்பது ஃபெலனாப்சிசுக்குத் துன்பமே அல்ல, மிகவும் சுகமான வெப்பநிலை. வாடிய செடியிடம் செலவழிக்கச் சேமிப்பு இருக்காது. அதன் பூ சிறுத்தும் எண்ணிக்கையில் குறைந்தும்தான் வரும். செடியை வதைப்பதற்கு அறிவியல் எந்த ஆதரவும் தரவில்லை என்பதைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. சென்னையிலும் கொச்சியிலும் மொட்டைமாடிகளில் டென்ட்ரோபியம் வருடத்துக்குப் பலமுறை பூக்கிறதே, அதற்கு எந்தக் குளிர் வந்தது? எந்தக் குளிரும் வரவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. நம் ஊரில் பரவலாக விற்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்களின் மூதாதைகளில் முக்கியமானது, வடக்கு ஆஸ்திரேலியாவின் வெப்பமான தாழ்நிலத்தைச் சேர்ந்தது. அதன் தண்டு முதிர்வதும் வெளிச்சம் கிடைப்பதுமே அதற்குப் போதும். இதே பேரினத்தைச் சேர்ந்த டென்ட்ரோபியம் நோபிலி இமயமலை அடிவாரத்துச் செடி. குளிரும் வறட்சியும் சேர்ந்த பருவம் கிடைக்காவிட்டால், பூ வரவேண்டிய கணுக்களிலிருந்து குட்டிச் செடிகளை விடும். ஒரே பேரினத்துக்குள் இரண்டு செய்திகள். வியப்பான மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியாவின் சாலையோர மரங்களில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட்டும் டென்ட்ரோபியம்தான். அதன் மொட்டுகள் பாதி வளர்ந்து நின்றுவிடும். இடிமழை ஒன்று கொட்டி வெப்பம் சட்டென்று சில டிகிரி இறங்கினால், ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் பூக்கும். மாலைக்குள் வாடத் தொடங்கும். 1920-களில் ஜாவாவில் செய்த சோதனைகள், மொட்டை எழுப்பியது மழைநீர் அல்ல, அதோடு வந்த குளிர்ச்சி என்று காட்டின. பூ ஒரு நாள்தான் இருக்கும் என்றால், எல்லாச் செடிகளும் ஒரே நாளில் பூத்தால்தான் மகரந்தம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். காற்றின் வெப்பநிலை அந்தத் தேதியை எல்லாச் செடிகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கிறது. ஆகவே டென்ட்ரோபியம் என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை. செய்தி இனத்துக்கு இனம் வேறு என்று அதைத் திருத்துகிறது.

இந்தத் திருத்தத்தை நடைமுறையில் முதலில் பயன்படுத்திக்கொண்ட இடங்களில் ஒன்று சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா. அங்கே எரிக் ஹோல்டம் 1928-இல், நுட்சனின் குடுவை முறையைக் கொண்டு கலப்பினங்களை உருவாக்கத் தொடங்கினார். பருவ மாற்றமே பெரிதாக இல்லாத அந்தத் தாழ்நிலத் தீவில் தாராளமாகப் பூக்கும் செடிகளைத் தேர்ந்து கலப்பதே அவருடைய வழி. 1931-இல் முதல் கலப்பினம் பூத்தது. இயற்கையின் செய்தியை மாற்ற முடியாத இடத்தில், வேறு செய்திக்குப் பழகிய செடியைத் தேடியது அறிவார்ந்த முடிவு. எதிர்த் திசையில் நடந்த கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தினுடையது. வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை என்ற ஒரே காரணத்துக்காக, எல்லா ஆர்க்கிட்டுகளையும் புழுக்கமான கண்ணாடி வீடுகளுக்குள் அடைத்தார்கள். ஆண்டிஸ் மலைகளின் குளிர்ந்த காடுகளிலிருந்து வந்தவையும் காசி மலைகளிலிருந்து வந்தவையும் அந்த வெக்கையில் ஆயிரக்கணக்கில் மடிந்தன. சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் சன்னல்களைத் திறந்து காற்றை விட்டு, அறைக்கு அறை வெப்பத்தை மாற்றி வைத்த பிறகுதான் நிலைமை திருந்தத் தொடங்கியது. அன்பு குறைந்ததால் அந்தச் செடிகள் சாகவில்லை. எங்கிருந்து வந்தவை என்று கேட்காததால் செத்தன.

கடைகளில் வருடம் முழுவதும் ஃபெலனாப்சிஸ் பூத்து நிற்கிறதே என்பதும் இதே விடையில் அடங்கும். தைவானில் சமவெளியில் வளர்த்த செடிகளை லாரியில் ஏற்றி, தண்டு விடுவதற்காக மலைக்குக் கொண்டுபோவது ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. இப்போது குளிரூட்டிய பசுமைக்குடில்கள் அந்த வேலையைச் செய்கின்றன. விற்பனைக்கு முன் பூத்துவிடாமல் இருக்க 28 டிகிரிக்கு மேல் வைப்பதும், விற்கவேண்டிய தேதியிலிருந்து நான்கைந்து மாதம் பின்னோக்கி எண்ணிக் குளிரூட்டத் தொடங்குவதும் அந்தத் தொழிலின் அன்றாடம். அவர்கள் செடியை ஏமாற்றவில்லை. அது கேட்ட செய்தியைத் தேதி குறித்துச் சொல்கிறார்கள். எனவே சமவெளியில் வாழும் ஒருவர் முதல் ஆர்க்கிட் வாங்கும்போது, பூவின் அழகைவிடச் செடியின் பூர்வீகத்தைக் கேட்பது நல்லது. தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்த ஃபெலனாப்சிஸ் பெல்லினா, வயோலேசியா போன்றவை வெக்கையிலேயே பூக்கும், மணமும் உண்டு. நம் வறண்ட சமவெளி மரங்களிலேயே வளரும் வாண்டா டெசலாட்டா இருக்கிறது. ஆனால் அதை மரத்திலிருந்து பெயர்த்து வரக் கூடாது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருப்பதற்குக் காரணமே இப்படிப் பெயர்த்தெடுத்ததுதான். நாற்றங்காலில் பெருக்கிய செடியை வாங்க வேண்டும்.

செய்தி ஒருமுறை கிடைத்தால் போதாது என்பதையும் வளர்ப்பவர் அறிந்திருக்க வேண்டும். குளிரூட்டத் தொடங்கி ஐந்தாறு வாரத்தில் ஃபெலனாப்சிசின் தண்டு தலைகாட்டும்; அதன் நுனி தட்டையாக, வேரைப் போல வழவழப்பு இல்லாமல் இருக்கும். அதன்பின் முதல் மொட்டு விரிய இன்னும் மூன்று மாதங்கள்வரை ஆகலாம். தண்டு இளசாக இருக்கும்போதே மறுபடி வெக்கைக்குப் போனால், பூவுக்குப் பதிலாக அதன் கணுவில் குட்டிச் செடி முளைக்கும். மொட்டு பெருத்த பிறகு இடம் மாற்றுவதும் வேரைக் காயவிடுவதும் மொட்டை உதிர்த்துவிடும். பழுக்கும் வாழைத்தாரோ மாம்பழக் கூடையோ அதே அறையில் இருந்தால், அவை வெளியிடும் எத்திலீன் வாயுவே மொட்டு மஞ்சளாகிக் கொட்டக் காரணமாகலாம். பலர் கண்ணேறு என்று நினைக்கும் இழப்பு பல வீடுகளில் பழக்கூடையிலிருந்து வருகிறது.

விரிந்த பூ இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்பதும் காத்திருத்தலின் தொடர்ச்சியே. மகரந்தம் சேர்ந்துவிட்டால் அதே பூ ஓரிரு நாளில் துவண்டுவிடுகிறது. அங்கேயும் வேலை செய்வது எத்திலீன்தான். இன்னும் ஆழமான உண்மை சூலகத்துக்குள் இருக்கிறது. பெரும்பாலான செடிகளில் பூ மலரும்போதே சூல்கள் தயாராக இருக்கும். ஃபெலனாப்சிஸ் மலரில் அவை உருவாகியே இருப்பதில்லை. மகரந்தத் திரள் வந்து ஒட்டிய பிறகுதான் சூல்களைச் செய்யத் தொடங்குகிறது. கருவுறுதல் நடக்க அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பூச்சி வராமலே போகும் பூக்கள் ஏராளம் என்பதால், லட்சக்கணக்கான சூல்களை முன்கூட்டிச் செய்துவைப்பது அந்த ஏழை வருமானத்தில் கட்டுப்படியாகாது. விதை பூஞ்சைக்கும், செடி குளிருக்கும், சூலகம் மகரந்தத்துக்கும் காத்திருப்பது ஒரே கணக்கின்படிதான்.

கடைசியாக, முதல் பூவைப் பற்றி. திசு வளர்ப்பில் வந்த செடி தாயின் நகல். என்ன பூக்கும் என்பதை அட்டையில் உள்ள படமே சொல்லிவிடும். விதையிலிருந்து வந்த கலப்பினம் அப்படியல்ல. ஒரே காயின் விதைகள் என்றாலும் ஒவ்வொன்றும் தனி மரபுக் கலவை. உடன்பிறந்த நாற்றுகளில் ஒன்றின் நிறம் மற்றொன்றுக்கு இராது. முதல் தண்டில் இரண்டு மூன்று பூக்களே வரும். அளவும் சிறியதாக இருக்கும், இதழ்கள் முழுமையாகத் தட்டையாகாமலும் போகலாம். இளம் செடி தன்னிடம் உள்ள சிறிய சேமிப்பிலிருந்து கொடுப்பது அவ்வளவுதான். பழகிய வளர்ப்பாளர்கள் அதை வைத்து ஒரு செடியின் தரத்தை முடிவுசெய்வதில்லை; இரண்டாம் முறை, முடிந்தால் மூன்றாம் முறையும் பூக்கவிட்டுப் பார்க்கிறார்கள். முதல் பூக்கள் வாடியதும், பச்சையாக நிற்கும் தண்டைக் கணுவுக்கு மேலே வெட்டிவிட்டு இன்னொரு கிளைப்பூ வாங்கும் ஆசை வரும். நன்கு வளர்ந்த செடியில் அது நடக்கும். முதல்முறை பூத்த செடியில் தண்டை அடியோடு வெட்டிவிடுவதே சரி. அடுத்த குளிர் வருவதற்குள் அது இன்னும் இரண்டு இலைகளை விட்டாக வேண்டும்.